எட்டும் முப்பத்தொன்றும்

முந்தாநாள் நம்மில் ஒருவர், பேரைச் சொன்னால் கோபிப்பார், நம் வகுப்பு வட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ போட்டிருந்தார். மன்னார்ப் பெரிய தெருவில் நாலு கழுதைகள் நட்ட நடுவில் நிற்கின்றன. பஸ்காரர் ஹோர்ன்கூட அடிக்காமல் காத்திருக்கிறார். கீழே ஒரு வரி: "இந்த அமைதி வேற எங்க கிடைக்கும்?" கனடாவில் இருந்து ஒரு கும்பிடு வந்தது. லண்டனில் இருந்து இரண்டு இதயம். நானும் ஒரு பூவைப் போட்டுவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். முடியவில்லை. கைபேசியைக் கவிழ்த்து வைத்தேன், திரும்ப எடுத்தேன், விறாந்தைக்கும் குசினிக்குமாக நாலு தரம் நடந்தேன். அமைதியாம் அமைதி!

கோபிக்காதீர்கள். நீங்கள் எல்லாரும் அறுபதைத் தாண்டி, முழங்கால் நோவோடு எங்கேயோ இருந்துகொண்டு ஊரை நினைக்கிறீர்கள். நான் பக்கத்திலே, வவுனியாவில் இருக்கிறேன். இரண்டு மாதத்துக்கு ஒருக்கால் பஸ் ஏறிப்போய் அக்காவைப் பார்த்து வருகிறேன். அந்த அமைதி எங்கள் வீட்டுக்கு என்ன செய்தது என்று போன ஞாயிற்றுக்கிழமைதான் எனக்கு விளங்கியது. அதை யாருக்காவது சொல்லாவிட்டால் எனக்கு இருப்புக் கொள்ளாது.

ஊரில் சத்தம் இல்லை என்பது உண்மைதான். சத்தம் இல்லாததால் எல்லாம் கேட்கும். யார் வீட்டுக் கிணற்றுக் கப்பி கிறீச்சிடுகிறது, யார் இருமுகிறார், யாருடைய சைக்கிளுக்குச் செயின் தளர்ந்திருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவோம். மத்தியானத்தில் காற்று கருவாட்டு மணத்தைக் கொண்டுவந்து முகத்தில் அப்பும், பனையோலை சரசரக்கும், கழுதை ஒன்று எங்கேயோ நின்று கத்தும். அவ்வளவுதான் அன்றைய சம்பவம். எனக்கு அப்போது ஒன்பது வயது. ஏதாவது நடக்காதா என்று வேலிவாசல் படலையில் ஏறி நின்று முன்னும் பின்னும் ஆடுவேன். "ஒரு இடத்தில குந்தமாட்டியாடி? உனக்குக் காலில என்ன எறும்போ?" என்று அம்மா உள்ளே இருந்தே கத்துவார். படலை கிறீச்சிடுகிற சத்தத்திலேயே ஆடுவது நான் என்று அவருக்குத் தெரியும்.

ஊரில் மற்றவர்களுக்கும் என் வருத்தம்தான், வெளியில் காட்டமாட்டார்கள். ஒன்றும் நடக்காத இடத்தில் யாராவது ஒரு சொல் சொன்னால் அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். ஏன் அப்படிச் சொன்னவர், யாரைப் பார்த்துச் சொன்னவர், சொல்லும்போது சிரித்தவரா என்று மூன்று நாளைக்குப் போகும்.

என் அக்கா என்னைவிடப் பதினொரு வயது மூத்தவர். நல்ல பொறுமை. என் தலையில் இருந்து பேன் எடுத்தது அவர், எனக்குக் கணக்குச் சொல்லித்தந்தது அவர். அந்த வருடம் நீர்ப்பாசனக் கந்தோருக்கு ஒரு இளம் கிளாக்கர் மாற்றலாகி வந்தார். எங்கள் தீவில் இருந்து பாலம் தாண்டினால் வரும் கட்டுக்கரைக் குளத்தடியில், எங்களைப்போல வேதக்காரக் குடும்பம், வயல் உள்ளவர்கள். ஞாயிறு இரண்டாம் பூசைக்கு வந்து, கோயிலடியில் நின்ற பெருக்கமரத்தில் சைக்கிளைச் சாத்துவார். பூசை முடிந்து நாங்கள் வெளியே வரும்போது குனிந்து நின்று சக்கரத்துக்குக் காற்று அடித்துக்கொண்டிருப்பார். ஒவ்வொரு ஞாயிறும்! நான் ஒருநாள் பாவசங்கீர்த்தன வரிசையில் இருந்து நழுவிப்போய் மரத்துக்குப் பின்னால் நின்று பார்த்தேன். மனிசன் தானே வால்வைத் திறந்து காற்றை விட்டுவிட்டு, பிறகு பம்பை எடுத்து அடிக்கத் தொடங்கினார். பச்சைப் பிடி போட்ட பம்ப், இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது. அக்கா கடந்து போகும்வரை அடிப்பார். ஒரு வார்த்தை பேசமாட்டார்.

அக்காவிடம் வந்து சொன்னேன். அக்கா என் வாயைப் பொத்தினார். அன்றிரவு பாயில் படுத்திருக்கும்போது, "உண்மையாவே தானே திறந்து விட்டவரோ?" என்று மூன்று தரம் கேட்டார். அந்தக் குரலில் இருந்த சந்தோசத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை, பிறகும் கேட்டதில்லை.

பிறகு நடக்கவேண்டியது நடந்தது. அவர் வீட்டில் சொல்லி, அவருடைய தாய் பங்குச் சுவாமியிடம் சொல்லி, சுவாமி அம்மாவிடம் கேட்டார். அம்மாவுக்குத் தலைகால் தெரியவில்லை. அப்பா கடலுக்குப் போகிறவர்; வயல்காரர் வீட்டில் இருந்து கேட்டு வருகிறார்கள் என்றால் சும்மாவா? பெண் பார்க்க வருவதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்தார்கள்.

அந்த ஞாயிறுக்குப் பத்து நாள் முந்தி மாமி செத்துப்போனார். மாமி என்பது அப்பாவின் தமக்கை. கலியாணம் கட்டாமல் எங்களோடேயே இருந்தவர். அழுதோம், அடக்கினோம். எட்டாம் நாள் பூசை கொடுத்து, வீடு கழுவி, வாசலில் கட்டிய வெள்ளைத்துணியை அவிழ்த்தோம். எங்கள் பக்கத்தில் எட்டோடு செத்தவீடு முடிந்தது. ஒரு வருடத்துக்குக் கறுப்பு உடுப்பவர்கள் உடுப்பார்கள், அது வேறு. அம்மா சுவாமியிடம் ஆள் அனுப்பினார்: "எட்டு முடிஞ்சுது. அவை சொன்ன நாளுக்கே வரட்டும்."

வந்தார்கள். பாலம் கடந்து பஸ்ஸில், அவரும் அவருடைய தாயும். பதினோராம் நாள் என்று இப்போது கணக்குப் பார்க்கிறேன். அன்றைக்கு யாருக்கும் அந்தக் கணக்குத் தோன்றவில்லை. அக்கா விடிய எழும்பி, முதல்நாள் வறுத்து இடித்து வைத்திருந்த பயற்றமாவில் பயற்றம்பணியாரம் சுட்டிருந்தார். அலுமாரியில் பூட்டியிருந்த நீலப்பூப் போட்ட கோப்பைகள் வெளியே வந்தன. எனக்குப் புதுச் சட்டை. நான் கதிரைக்குக் கதிரை மாறி இருந்து அம்மாவிடம் நுள்ளு வாங்கினேன்.

அவருடைய தாய், அந்த மனிசி, மங்கலான சாம்பல்நிறச் சேலை உடுத்து, நகை ஒன்றும் போடாமல் வந்தார். வந்ததும் மாமியின் படத்துக்கு முன்னால் போய் நின்று சிலுவை போட்டார். நிறைய நேரம் நின்றார். பிறகு கதிரையின் நுனியில் இருந்தார். அக்கா பணியாரத் தட்டை நீட்டினார். "வேண்டாம் பிள்ளை" என்றார் மெதுவாக. வெறுந்தேத்தண்ணியை மட்டும் குடித்தார். மகன் தட்டைப் பார்த்தார், தாயைப் பார்த்தார், கையை எடுத்துக்கொண்டார். மழையைப் பற்றியும் குளத்துத் தண்ணியைப் பற்றியும் ஏதோ கதைத்தார்கள். கலியாணத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. அரை மணித்தியாலத்தில் எழும்பினார்கள்.

அம்மா படலைவரை போனார். நானும் பின்னால் ஓடினேன். "அப்ப போட்டு வாங்கோ" என்றார் அம்மா.

அந்த மனிசி தலையைக் குனிந்துகொண்டு, "போறம்" என்றார்.

போறம்! இதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கடைக்குத் தீப்பெட்டி வாங்கப் போனாலும் "போட்டு வாறன்" என்று, திரும்பி வருவதையும் சேர்த்துச் சொல்லிப் பழகின வாய் நம்முடையது. "போறன்" என்றால் இனி இந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டேன் என்று அர்த்தம். மகன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். தாய் அவருடைய சேர்ட்டுக் கையைப் பிடித்து இழுத்ததை நான் கண்டேன். இருவரும் திரும்பிப் பார்க்காமல் நடந்து போனார்கள்.

அம்மா படலையைப் பிடித்தபடி நின்றார். வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தார். "என்ன, 'போறம்' எண்டே சொன்னவை?" அவ்வளவுதான். சீனி வாங்க என்னைக் கடைக்கு அனுப்பினபோது கடைக்காரர், "போறம் எண்டு சொன்னது தாயோ மகனோ?" என்று என்னைக் கேட்டார். இன்னும் பஸ்கூட வந்திருக்காது, அவர்கள் தரிப்பிடத்தில் நின்றிருப்பார்கள். அதற்குள் கடைக்கு வந்துவிட்டது!

செபமாலை நேரம் வீடு நிறைய ஆட்கள். ஒவ்வொருவரும் ஒன்றைக் கண்டுபிடித்துத் தந்தார்கள். பெண் பார்க்க வருகிறவள் சாம்பல் சேலையா உடுப்பாள்? வயல்காரருக்கு மீன்காரர் வீட்டுப் பலகாரம் இறங்குமா? "அவ படத்தையே பாத்தவ? மேல இருந்த ஒட்டறையை எல்லே பாத்தவ!" என்றார் ஒருவர். நான் அந்த மனிசியின் உதடு செபத்தில் அசைந்ததைப் பக்கத்தில் நின்று கண்டவள். ஆனால் கூட்டத்தில் நானும், "ஓம், ஒட்டறையைத்தான்" என்றேன். எனக்கும் கோபம். ஏதோ ஒன்று கடைசியில் நடந்துவிட்டது என்ற உற்சாகமும் இருந்தது. அதை இப்போது ஒத்துக்கொள்ள வெட்கமாக இருக்கிறது.

ஒன்று சொல்லவேண்டும். ஊர் எங்களைக் கேலி செய்யவில்லை. ஒருவர் விளைமீன் கொண்டுவந்து தந்தார், ஒருவர் அக்காவின் தலையைத் தடவினார். "அவையின்ர நெல்லும் வேண்டாம், அவையும் வேண்டாம். எங்கட பிள்ளைக்கு என்ன குறை?" என்று அத்தனை பேரும் எங்கள் பக்கம் நின்றார்கள். அப்படி எல்லாரும் நின்றபிறகு, அந்த மனிசியிடம் போய் "ஏன் அப்பிடிச் சொன்னீங்கள்?" என்று கேட்க அம்மாவால் எப்படி முடியும்? ஊருக்கு முன்னால் போன மானம். அக்கா குசினியில் இருந்து பணியாரத்தைப் பிய்த்துப் பிய்த்து வாயில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த ஞாயிறு அம்மா எங்களை முதற்பூசைக்குக் கூட்டிப்போனார், அந்தக் கிளாக்கர் கண்ணில் படக்கூடாது என்று. எனக்கு அடங்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் வேலியால் பூந்து, இரண்டாம் பூசைக்கு நான் மட்டும் கோயிலடிக்கு ஓடினேன். சைக்கிள் பெருக்கமரத்தில் சாத்தியிருந்தது. உடைமரத்து முள் ஒன்று முறித்து, நீளமான வெள்ளை முள், முன் சக்கரத்தில் குத்தி இறக்கினேன். அக்காவுக்காக.

அவர் வந்து பார்த்தார். காற்று உண்மையாகவே போயிருந்தது. என்னைக் கண்டதும் முகம் மலர்ந்து சைக்கிளை விட்டுவிட்டுக் கிட்ட வந்தார். "அக்கா வரேல்லையோ?" என்று கேட்டார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். "பிள்ளை, முப்பத்தொண்டு எப்ப வருது எண்டு அம்மாட்டக் கேட்டுச் சொல்லுறீரோ?" என்றார்.

முப்பத்தொண்டா? பள்ளிக்கூடத்தில் அந்தக் கிழமைதான் எந்த மாதத்துக்கு எத்தனை நாள் என்று விரல்மொளியில் எண்ணப் பழக்கியிருந்தார்கள். அது முப்பது நாள் மாதம். கந்தோரில் வேலை செய்கிறாராம், இதுகூடத் தெரியாது! "முப்பத்தொண்டு இல்லை!" என்று கத்திவிட்டு ஓடினேன். வளைவில் திரும்பிப் பார்த்தேன். அவர் பம்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றார்.

வீட்டில் நான் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் முள் குத்தினதும் வெளியே வரும்.

இரண்டு மாதத்தில் அவர் மாற்றல் வாங்கிக்கொண்டு போனார் என்று கேள்விப்பட்டோம். அதற்குப் பிறகு வந்த மூன்று இடத்தையும் அக்கா வேண்டாம் என்றார். தையல் ரீச்சர் ஆனார். அப்பா கண்ணை மூடினார். அம்மாவும் அக்காவும் சண்டைக்குப் பயந்து ஓடி, மடுக் கோயிலடியில் கூடாரத்தில் கிடந்து, திரும்பி வந்து, அதே வளவில் ஓடு மாற்றிக் குடியிருந்தார்கள். நீலப்பூக் கோப்பைகள் எந்த ஓட்டத்தில் போயின என்று தெரியாது. அம்மா சாகும்வரை, "போறம் எண்டு என்ர முகத்துக்கு நேர சொன்னவள்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அக்கா இன்றைக்கும் அந்த வீட்டில்தான், தனியாக.

இனிப் போன ஞாயிறு. என் மகன் பெண் எடுத்தது பாலத்துக்கு அந்தப் பக்கம். மருமகளின் தூரத்துப் பெரியம்மா ஒருவர் செத்துப் பன்னிரண்டு நாள். இளசுகள் வெளிநாட்டில் இருப்பதால் முகம் காட்ட நான் போனேன். எட்டுத்தான் முடிந்ததே என்று கையில் ஒரு பெட்டி கேக்கும் கொண்டுபோனேன். அந்த வீட்டுப் பெண் அதை வாங்கி, திறக்காமல், ஒரு மூலையில் வைத்தார். நான் எழும்பி, "அப்ப போட்டு வாறன்" என்றேன்.

அந்தப் பெண் என் கையைப் பிடித்தார். "ஐயோ அன்ரி, இங்க அப்பிடிச் சொல்லாதேங்கோ. செத்தவீட்டுக்குத் திரும்பி வாறன் எண்டு சொல்லுறதே? முப்பத்தொண்டு முடியுமட்டும் நாங்கள் 'போறன்' எண்டுதான் சொல்லுறது. இனிப்பும் தொடமாட்டம். நல்லகாரியமும் கதைக்கமாட்டம்."

செத்தவீட்டில் "வாறன்" சொல்லக்கூடாது என்பது எனக்கும் தெரியும், அம்மாவுக்கும் தெரியும். எங்களுக்கு எட்டோடு அது முடிந்துவிடும். இவர்களுக்கு முப்பத்தொன்றுவரை. சாம்பல் சேலை, தொடாத பணியாரம், படத்தடிச் செபம், "போறம்". அந்த மனிசி எங்கள் மாமிக்கு மரியாதை செய்துவிட்டுப் போயிருக்கிறார். நாங்கள் ஊரைக் கூட்டி வைத்து அவரைத் திட்டியிருக்கிறோம். எழும்பின நான் திரும்பக் கதிரையில் இருந்துவிட்டேன்.

அப்போதுதான் உள்ளே இருந்து வந்த கிழவரைப் பார்த்தேன். செத்தவரின் புருசன். தலை முழுக்க நரை. ஊர் எது என்று கேட்டார். சொன்னேன். எந்த வீடு என்று கேட்டார். சொன்னேன். கிட்ட வந்து என் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"அண்டைக்கு முள்ளுக் குத்தினது நீர்தானே, பிள்ளை?"

அவர் கோபமில்லாமல் சொன்னார். "முப்பத்தொண்டு முடிஞ்சுது எண்டு துக்கவீட்டுக்காரர்தான் சொல்லி அனுப்பவேணும். உங்கட வீட்டில இருந்து சொல்லி வரும், வரும் எண்டு அம்மா பாத்துக்கொண்டு இருந்தவ. நீர் 'முப்பத்தொண்டு இல்லை' எண்டு சொல்லிப்போட்டு ஓடினீர். அப்ப அவைக்கு விருப்பமில்லை, பிள்ளையிட்டச் சொல்லிவிட்டிருக்கினம் எண்டு அம்மா சொன்னவ." பிறகு, "அக்கா இருக்கிறாவோ?" என்றார். இருக்கிறார் என்றேன். வேறு ஒன்றும் கேட்கவில்லை. பன்னிரண்டு நாள் முன்னம் பெண்சாதியைப் பறிகொடுத்த மனிசன், வேறு என்ன கேட்பார்?

நான் "போறன்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இரண்டு இரவு நித்திரை இல்லை. எழுபத்தைந்து வயதுக்குக் கிட்டின மனிசிக்கு இதைச் சொல்லி என்ன பலன்? சொல்லாமல் விட்டால் அம்மாவின் கதைதான் கடைசிக் கதையாகக் கிடக்கும். செவ்வாய்க்கிழமை முதல் பஸ்ஸில் ஏறினேன். பாலத்தில் பஸ் போகும்போது, திரும்பிவிடலாமா என்று இரண்டு தரம் எழும்பி இருந்தேன். பக்கத்தில் இருந்தவர் என்னை வருத்தக்காரி என்று நினைத்திருப்பார்.

அக்கா குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். எட்டு, முப்பத்தொன்று, கேக் பெட்டி, முள், நான் கத்தின கத்து. மறைக்காமல் சொன்னேன். சொல்லும்போது அழுதேன். அக்கா அழவில்லை. கத்தியைக் கழுவி வைத்தார். வெளியே கழுதை ஒன்று வேலியில் உரசுகிற சத்தம் கேட்டது.

"அப்ப பணியாரம் தொடாதது அதுக்கோ?" என்றார் அக்கா.

"ஓம் அக்கா."

"சீனி குறைஞ்சுபோச்சோ எண்டு நினைச்சனான்." கையைச் சேலையில் துடைத்தார். "இவ்வளவு காலமும்."

நான் குனிந்து அவருடைய காலைப் பிடிக்கப் போனேன். "எழும்படி, விசரி," என்றார். "ஒன்பது வயதுக் குஞ்சு. உனக்கு என்ன தெரியும்? எனக்கு இருபது வயது. நான் போய்க் கேட்டிருக்கலாம் எல்லே? வாயைப் பொத்திக்கொண்டு பணியாரத்தை எல்லே தின்னு பாத்தனான்." பிறகு கோபம் வந்தது, என் மேல் இல்லை. "அந்த மனிசியை நான் மனசுக்குள்ள எவ்வளவு திட்டியிருப்பன்! பாவசங்கீர்த்தனத்தில சொல்லிச் சொல்லிச் சுவாமிமாருக்கே அலுத்துப்போச்சு." அந்த மனிசியின் ஆத்துமத்துக்கு ஒரு பூசை ஒப்புக்கொடுக்கவேணும் என்றார். மீனைக் காய்ச்சினார். சாப்பிட்டோம். அந்தக் கிளாக்கரைப் பற்றி அக்கா ஒரு சொல் கேட்கவில்லை.

பின்னேர பஸ்ஸுக்குப் புறப்பட்டேன். அக்கா படலைவரை வந்தார். "போட்டு வாறன்" என்றேன். வழக்கமாக "கவனமாப் போட்டு வா" என்பார். இந்தமுறை படலையைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்தார்.

"முப்பத்தொண்டு எப்ப வருது?" என்றார்.

அதே கேள்வி. விரலை மடக்கி, கவனமாக, ஒரு நாள்கூடத் தவறாமல் எண்ணினேன். "இன்னும் பதினேழு நாள். வெள்ளிக்கிழமை வருது."

அக்காவும் தனக்குள் ஒருதரம் எண்ணிப் பார்த்தார்.

"அப்ப ஞாயிற்றுக்கிழமை காலமை வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போ," என்றார். "நான் சனிக்கிழமை பயறு வறுக்கிறன்."